உதிரிபாகமும் துப்பாக்கிதான்

சிங்கப்பூருக்குள் கொண்டுவரக்கூடாத பொருள்களின் பட்டியலில் சூயிங்கம் இருப்பது உலகத்துக்கே தெரியும். அதே பட்டியலில் கைத்துப்பாக்கி வடிவத்தில் செய்த சிகரெட் லைட்டரும் உண்டு. அதை வைத்து யாரையும் சுட முடியாது. மிஞ்சிப்போனால் ஒரு பீடி பற்றவைக்கலாம். இருந்தும் தடை. கேட்பவர்கள் சிரிக்கிறார்கள். எனக்கு அந்தச் சிரிப்பு கொஞ்சம் அவசரமாகப் படுகிறது.

எது துப்பாக்கி என்பது அவ்வளவு எளிய கேள்வி இல்லை. அமெரிக்காவில் பல மாநிலங்களில் ஒருவர் ராணுவ ரகத் துப்பாக்கியின் பாகங்களைப் பெட்டியாக வாங்கி, வீட்டுக் கொட்டகையில் பொருத்திக்கொள்ளலாம். அங்கே 1968ஆம் ஆண்டுச் சட்டம் துப்பாக்கியின் ஒரு பகுதியை மட்டுமே துப்பாக்கியாகக் கருதுகிறது: விசையையும் மற்ற இயங்கு பாகங்களையும் தாங்கும் உடல். குழலும் கட்டையும் வில்லும் வெறும் இரும்புச் சாமான். அந்த உடலையும் முக்கால்வாசி செய்து, மிச்ச வேலையை வாங்குபவரிடமே விட்டுவிட்டால் அதுவும் துப்பாக்கியில்லை என்று கம்பெனிகள் வாதாடின. வரிசை எண் இல்லாத துப்பாக்கிகள் பெருகியது அந்த ஓட்டை வழியாகத்தான். 2022இல் அரசு விதியைக் கடுமையாக்கியது. எளிதில் துப்பாக்கியாகப் பொருத்தக்கூடிய பாகப் பெட்டியும் ஆயுதமே என்று உச்ச நீதிமன்றம் 7–2 பெரும்பான்மையில் ஒப்புக்கொள்ள 2025 மார்ச் ஆயிற்று.

சிங்கப்பூர் இந்தக் கேள்வியை 1973லேயே முடித்துவிட்டது. அந்த ஆண்டின் ஆயுதக் குற்றச் சட்டம், துப்பாக்கியின் எந்தப் பாகத்தையும் ஆயுதம் என்றே சொல்கிறது. உரிமம் இல்லாமல் வைத்திருந்தால் சிறையும் பிரம்படியும். காயப்படுத்தும் நோக்கத்தோடு சுட்டால், குண்டு யார்மேலும் படாவிட்டாலும், மரண தண்டனை. 2012இல் கட்டாய மரண தண்டனையைச் சில குற்றங்களுக்குத் தளர்த்தியபோதும் துப்பாக்கிக் குற்றத்தில் அரசு கைவைக்கவில்லை. இந்தத் தூக்குக் கயிறு எனக்கு உடன்பாடில்லை. ஆனால் இந்த ஊரில் துப்பாக்கிச் சத்தம் அபூர்வமாகிப் போனதற்குக் கயிறு எவ்வளவு காரணம், உதிரிபாகத்தின்மீது வைத்த கண் எவ்வளவு காரணம் என்று யாராவது பிரித்துப் பார்த்தால், இரண்டாவதுதான் கனமாக இருக்கும் என்பது என் கணிப்பு.

இந்தியாவின் 1959ஆம் ஆண்டு ஆயுதச் சட்டம் இன்னும் ஒரு படி மேலே போய், ஆயுதம் செய்யும் இயந்திரத்தையும் ஆயுதம் என்கிறது. ஆனாலும் தமிழ்நாட்டு மலைக்கிராமங்களில் கள்ள நாட்டுத் துப்பாக்கிகளைத் தாங்களாகவே ஒப்படைத்துவிடும்படி போலிஸ் அவ்வப்போது கெடு வைக்கிறது. காடு இருக்கிறது, காட்டுப்பன்றி இருக்கிறது, பட்டறை இருக்கிறது. சிங்கப்பூரில் காட்டுப்பன்றி உண்டு; கள்ளத் துப்பாக்கிப் பட்டறைதான் இல்லை என்றே வைத்துக்கொள்ளலாம். சின்னத் தீவு, எண்ணிச் சொல்லக்கூடிய நுழைவாயில்கள். சட்டத்தின் வெற்றியில் பாதி பூகோளத்தின் கொடை.

கைத்திறனுக்கு இங்கே பஞ்சமே இல்லை என்பதுதான் வேடிக்கை. பதினெட்டு வயதைத் தொட்ட பையன்கள் புலாவ் தேக்கோங்கில் எஸ்ஏஆர் 21 துப்பாக்கியைக் கழற்றித் துடைத்து மாட்டப் பழகுகிறார்கள். அந்தத் துப்பாக்கியும் உள்ளூர்த் தயாரிப்புதான். சுடும் பயிற்சி முடிந்து வெளியேறுமுன், ஒரு தோட்டாவோ காலிக் கூடோகூடத் தம்மிடம் இல்லை என்று ஒவ்வொருவரும் உரக்கச் சொல்ல வேண்டும். தேக்கா காப்பிக்கடையில் உட்கார்ந்திருக்கும் ஐம்பது வயது அண்ணனைக் கேட்டாலும் எம்16ஐக் கழற்றி மாட்டும் வரிசையைத் தடுமாறாமல் சொல்வார். தெரிந்தவர்கள் லட்சக்கணக்கில் இருக்கிறார்கள்; பாகங்கள் மட்டும் ஆயுதக் கிடங்கின் பூட்டுக்குள். அந்தப் பூட்டு விலகும் இடத்தில்தான் ஆபத்து. 2021 ஏப்ரலில் ஜூரோங் ஈஸ்ட்டில் உரிமம் பெற்ற கடன் கடையில் கொள்ளையடித்தவர் துணைப் போலிஸ் அதிகாரி. காட்டி மிரட்டியது, வேலைக்காக அவருக்குக் கொடுக்கப்பட்ட ரிவால்வர்.

இந்தக் கட்டுப்பாட்டால் லிட்டில் இந்தியாவுக்கு என்ன லாபம்? 2013 டிசம்பர் 8ஆம் தேதி இரவை நினைத்துப் பாருங்கள். ரேஸ் கோர்ஸ் சாலையில் பேருந்தில் அடிபட்டுத் தமிழகத் தொழிலாளர் ஒருவர் இறந்தார். கூட்டம் வெகுண்டது. போலிஸ் வண்டிகள் கவிழ்ந்தன, ஆம்புலன்ஸ் எரிந்தது. கூட்டத்திலிருந்து பறந்தவை கல், போத்தல், கான்கிரீட் துண்டு. போலிஸ் ஒரு தோட்டாகூடச் சுடவில்லை. எதிரே இருப்பவன் இடுப்பில் துப்பாக்கி இருக்காது என்ற நம்பிக்கைக்கும் அதில் பங்கு உண்டு என்று நினைக்கிறேன். பங்குதான், முழுக் காரணம் அல்ல. 2018 மே மாதம் தூத்துக்குடியில் ஸ்டெர்லைட் ஆலையை எதிர்த்துக் கூடியவர்களிடமும் துப்பாக்கி இல்லை. அங்கே போலிஸ் சுட்டதில் 13 பேர் கொல்லப்பட்டார்கள்.

2021 ஜனவரித் தொடக்கத்தில் சிங்கப்பூர் நாடாளுமன்றம் புதிய சட்டத்தை நிறைவேற்றியது. 1913ஆம் ஆண்டின் பழைய ஆயுதச் சட்டத்துக்குப் பதிலாக வந்த அது, உரிமமின்றித் துப்பாக்கியின் மின்னிலக்க வரைபடத்தை வைத்திருப்பதையே குற்றமாக்குகிறது. முப்பரிமாண அச்சு இயந்திரத்தை மனத்தில் வைத்து எழுதிய பிரிவு. அதே மாதக் கடைசியில் ஒரு செய்தி வந்தது. இந்திய வம்சாவளி கிறிஸ்துவப் பையன், வயது 16, உள்நாட்டுப் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ் முந்தைய டிசம்பரிலிருந்தே தடுப்புக்காவலில். நியூசிலாந்தின் கிறைஸ்ட்சர்ச் பள்ளிவாசல்களில் சுட்ட கொலைகாரனைப் பார்த்து இரண்டு பள்ளிவாசல்களைத் தாக்கத் திட்டமிட்டவன். அதே மாதிரித் துப்பாக்கியை இணையத்தில் தேடினான். விற்க வந்தவன் ஏமாற்றுக்காரனாக இருப்பானோ என்று சந்தேகித்து விலகினான். மறுபடி தேடினான். இங்குள்ள சட்டத்தில் நடக்காது என்று கண்டு கைவிட்டு, வெட்டுக்கத்திக்கு இறங்கினான். சட்டம் அவன் கைக்குத் துப்பாக்கி எட்டாமல் செய்துவிட்டது. அவன் எண்ணம் அப்படியேதான் இருந்தது.

கடையில் வாங்க முடியாதவர்கள் செய்யப் பார்க்கிறார்கள். ஜெர்மனியின் ஹாலே நகரில் 2019இல் யூதக் கோயிலைத் தாக்க வந்தவனின் கைத்தயாரிப்புத் துப்பாக்கிகள் திரும்பத் திரும்பச் சிக்கிக்கொண்டன. இருவர் இறந்தார்கள், பலர் தப்பினார்கள். ஜப்பானில் 2022 ஜூலையில் ஷின்சோ அபேயைச் சுட்ட கைத்தயாரிப்பு சிக்கவில்லை. இங்கு 2025இல் தடுத்துவைக்கப்பட்ட 17 வயது இளைஞனும் துப்பாக்கியை அச்சிட்டுச் செய்யும் வழியை ஆராய்ந்தவன்தான்.

ஆகவே வரைபடத் தடையை நான் எதிர்க்கவில்லை. ஆனால் குழலை வைத்திருப்பதற்கும் வரைபடக் கோப்பு ஒன்றை வைத்திருப்பதற்கும் வித்தியாசம் உண்டு. குழல் தற்செயலாக வீட்டுக்கு வராது. கோப்பு வரும்: ஒரு வாட்ஸ்அப் குழுவில், விளையாட்டுக்கான பொம்மை வரைபடத் தொகுப்பில், பள்ளித் திட்டப்பணிக்காகத் தேடியதில். நூலகங்களும் பாலிடெக்னிக்குகளும் பிள்ளைகளை அச்சு இயந்திரத்தின் முன் உட்காரவைக்கும் ஊர் இது. எதைப் பதிவிறக்கினால் குற்றம், அறியாமல் வந்ததை எங்கே ஒப்படைப்பது, ஒப்படைத்தால் வழக்கு வருமா என்பதை உள்துறை அமைச்சு நான்கு மொழிகளிலும் பள்ளிகளுக்கு அனுப்ப வேண்டும். இந்தப் பிரிவில் எத்தனை பேரை எச்சரித்தார்கள், எத்தனை பேர்மீது வழக்குப் போட்டார்கள், அவர்களில் பதினெட்டு வயதுக்குக் குறைந்தவர்கள் எத்தனை பேர் என்ற கணக்கும் ஆண்டுதோறும் நாடாளுமன்றத்துக்கு வரட்டும்.