சிவப்பு எழுத்தை வாசிக்கப் பழக்குவோம்

நேற்றிரவு ஏ.எல். படிக்கும் மாணவன் ஒருவன் கோல் எடுத்தான்.

"சேர், இன்டெலிஜே பழுதாகிட்டு. ரெண்டு தரம் அழிச்சிட்டுத் திரும்பப் போட்டுட்டன். டேட்டாவும் முடிஞ்சி."

"மகன், சிவப்புல என்ன எழுதியிருக்கு?"

"அத வாசிக்கல்ல சேர்."

வாசிக்க வைத்தேன். 'அன்சப்போர்ட்டட் கிளாஸ் ஃபைல் மேஜர் வேர்ஷன் 65.'

அந்த எண்ணில் 44ஐக் கழித்தால் ஜாவாவின் பதிப்பு வரும்: 21. அவனுடைய புரொஜெக்டில் இருந்ததோ கிரேடில் 8.0. ஜாவா 21இல் கிரேடில் ஓடுவதற்கு ஆகக் குறைந்தது 8.5 வேண்டும். ஒன்றில் ரெப்பர் ஃபைலில் கிரேடில் பதிப்பைக் கூட்ட வேண்டும். இல்லாவிட்டால் செட்டிங்ஸில் கிரேடில் ஜேடிகேயை 17 ஆக்க வேண்டும். ஜாவா 17 அவனுடைய கம்பியூட்டரில் ஏற்கெனவே இருந்தது. ஐந்து நிமிடத்தில் வேலை முடிந்தது. டேட்டா தேவைப்படவே இல்லை.

பிள்ளையில் குறை சொல்ல மாட்டேன். விடையை மனனமாக்கவும் பிழையைக் கண்டால் பயப்படவும் பழக்கியது நாங்கள்தான். சிவப்புப் பேனையைத் தண்டனையாகவே பார்த்து வளர்ந்த பிள்ளை, சிவப்பு எழுத்தை எப்படி நின்று வாசிக்கும்?

பெற்றோரே, ஆசிரியர்களே, பிழை வந்தால் ஏச வேண்டாம். "என்ன எழுதியிருக்கு, வாசிச்சுக் காட்டு" என்று பக்கத்தில் உட்காருங்கள். பாதி விடை அதிலேயே இருக்கும்.