முப்பது அறை விடுதியும் ஒற்றை அறை வீடும்

அம்மாவின் மருத்துவச் சீட்டில் 'புகைப்பழக்கம்' என்பதற்கு நேரே 'இல்லை' என்று எழுதியிருந்தது. மருத்துவர் கேட்காமல் எழுதவில்லை. "பீடி, சிகரெட் பழக்கம் உண்டாம்மா?" என்று கேட்டார். "அய்யய்யோ, எனக்கு இல்லீங்க. அவருக்குத்தான்" என்றாள் அம்மா. சீட்டில் 'அவருக்கு' என்று எழுத இடமில்லை. வாழ்நாளில் ஒரு பீடியை வாயில் வைத்தறியாதவள், முப்பத்தெட்டு வருஷம் பீடிப் புகைக்குள் வாழ்ந்து, மூச்சுத் திணறிச் செத்தாள்.

ராயபுரத்தில் எங்களுக்கு ஒரே அறை. அப்பா துறைமுகத்தில் மூட்டை தூக்கியவர். வேலை முடிந்து வந்து சுவரில் சாய்ந்து பற்றவைப்பார். அதே அறையில் மண்ணெண்ணெய் ஸ்டவ் எரியும், தம்பி தூங்குவான், நான் படிப்பேன். "வெளிய போய்ப் புடிங்களேன்" என்று ஒருமுறை சொன்னேன். அதட்டியது அம்மாதான்: "ஒழைச்சிட்டு வர்ற மனுசன வாசல்ல நிக்க வெப்பியா?"

பொது இடத்தில் புகைப்பதைத் தடுக்கும் சட்டம் 2003-இல் வந்தது. 2008 அக்டோபர் 2 முதல் அதன் விதிகள் அலுவலகம், திரையரங்கு, வணிக வளாகம் என்று விரிந்தன. நல்ல சட்டம். அதைத் தளர்த்தக் கேட்கும் கூட்டத்தில் நான் இல்லை. ஆனால் அதில் ஒரு சலுகை இருக்கிறது. முப்பது அறை உள்ள விடுதியும், முப்பது பேர் அமரும் உணவகமும், விமான நிலையமும் புகைப்பவருக்கென்று தனி இடம் ஒதுக்கிக்கொள்ளலாம். புகைக்கிற ஆணுக்கு ஓர் அறை வேண்டுமே என்று சட்டம் யோசித்திருக்கிறது. ஒற்றை அறையில் புகைக்காத பெண் எங்கே போவாள் என்று யோசிக்கவில்லை.

இதில் எனக்கு ஆறாத கோபம் ஒன்று உண்டு. அடுத்தவர் புகை கொல்லும் என்று உலகம் எப்படித் தெரிந்துகொண்டது? ஜப்பானில் தகேஷி ஹிராயாமா, புகைக்காத மனைவியர் 91,540 பேரைப் பதினான்கு ஆண்டுகள் தொடர்ந்து கவனித்தார். அதிகம் புகைக்கும் கணவர்களின் மனைவியருக்கு நுரையீரல் புற்றுநோய்ச் சாவு கூடுதல் என்று 1981-இல் எழுதினார். சிகரெட் கம்பெனிகள் அவர்மேல் பாய்ந்தன. சாட்சி சொன்னது வீட்டுக்குள் இருந்த மனைவியரின் நுரையீரல். அந்தச் சாட்சியத்தை வைத்துச் சுத்தமான காற்று கிடைத்தது உணவக மேசைக்கு.

இந்தியாவில் 2016-17 புகையிலைக் கணக்கெடுப்பைப் பாருங்கள். உணவகத்தில் அடுத்தவர் புகையைச் சுவாசித்தவர்கள் 7.4 சதவீதம். வீட்டில் 38.7 சதவீதம். புகைக்கும் ஆண்கள் 19 சதவீதம், பெண்கள் 2 சதவீதம். வீட்டில் யார் விடும் புகையை யார் சுவாசிக்கிறார்கள் என்பதற்கு இதற்குமேல் விளக்கவுரை வேண்டாம்.

அரசுக்கு வேகம் வராது என்றில்லை. மின்சிகரெட்டை 2018-இல் தமிழ்நாடு தடைசெய்தது. அடுத்த ஆண்டு ஒன்றிய அரசு, நாடாளுமன்றம் கூடும்வரைகூடப் பொறுக்காமல் அவசரச் சட்டம் போட்டது. பிள்ளைகள் கெட்டுப்போவார்கள் என்ற பதற்றம். அது நியாயமான பதற்றம்தான். தாய்மார்களுக்காக எவரும் அப்படிப் பதறி நான் பார்த்ததில்லை.

"அதுக்காக வீட்டுக்குள்ள போலீஸ விடச் சொல்றீங்களா மேடம்?" என்று கல்லூரியில் சக ஆசிரியர் கேட்டார். வீடு சட்டம் நுழையாத கோயில் என்ற பேச்சு 2005-இல் குடும்ப வன்முறைச் சட்டத்தோடு முடிந்துபோனது. ஆனாலும் நான் அபராதம் கேட்கவில்லை. அந்த இருநூறு ரூபாய் பெண்டாட்டியின் அரிசிப் பணத்திலிருந்துதான் போகும் என்பது எங்கள் தெருவில் எல்லோருக்கும் தெரியும். நான் கேட்பது சின்ன விஷயம். 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் ரத்த அழுத்தமும் சர்க்கரையும் பார்க்க ஒரு பெண் வாசலுக்கு வருகிறாள் அல்லவா? "வீட்டுக்குள்ள யாராவது புகைக்கிறாங்களா?" என்று அவள் கேட்கட்டும், பதிலை எழுதட்டும், அந்த ஆணைப் பழக்கத்தை நிறுத்தும் சிகிச்சைக்கு அனுப்பட்டும். அம்மாவின் சீட்டில் இல்லாமல்போன அந்த இடம்தான் எனக்கு வேண்டும்.

எங்கள் பக்கத்து ஆண்களிடம் இன்னொரு பதில் தயாராக இருக்கும்: "எண்ணூர் சிம்னிய விடவா என் பீடி?" பாதி உண்மை. பீடிக்காரனுக்கு அந்த இடத்திலேயே ரசீது கிழிக்கிறார்கள். அனல்மின் நிலையங்களுக்கு 2015 டிசம்பரில் விதித்த புகைக் கட்டுப்பாட்டுக்குத் திரும்பத் திரும்பக் கால அவகாசம் தருகிறார்கள். 2023 டிசம்பர் 26 நள்ளிரவில் அமோனியா கசிந்து பெரியகுப்பத்துப் பெண்கள் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். சிம்னியைக் கேட்க வேண்டும்தான், சேர்ந்து தெருவில் நின்று கேட்போம். ஆனால் சிம்னியைக் காட்டிக்கொண்டே ஒற்றை அறைக்குள் பற்றவைக்கிறவரோடு எனக்கு வேறு பேச்சு இருக்கிறது. அவர் மனைவிக்கு இரண்டு புகை.

அப்பா இப்போது தம்பி வீட்டில், திருவொற்றியூரில் இருக்கிறார். போன மாதம் போயிருந்தபோது பீடிக் கட்டை எடுத்துக்கொண்டு மாடிப்படி இறங்கி, கேட்டுக்கு வெளியே போய் நின்றார். நல்ல மழை. ஏன் என்று கேட்டேன்.

"பேரனுக்கு ஆவாதும்மா" என்றார்.