தோற்கும் குழுவுக்கும் ரசிகர் வேண்டும்

வார இறுதி இரவுகளில் மாமாக் கடைகளின் பெரிய திரைக்கு முன்னால் நம் மாணவர்களைக் காணலாம். லிவர்பூல், ஆர்சனல், மன்செஸ்டர் யுனைடெட் என ஆளுக்கொரு ஜெர்சி. அதில் தவறில்லை. ஆனால், அவர்களில் எத்தனை பேர் தாங்கள் வாழும் நகரத்தின் காற்பந்துக் குழு ஆடுவதை அரங்கிற்குச் சென்று பார்த்திருப்பார்கள்?

கேட்டால், "நம்ம குழு தோத்துக்கிட்டே இருக்கு" என்பார்கள். கோலாலம்பூர் குழுவின் கதையை அவர்கள் அறிந்துகொள்ள வேண்டும்.

1987, 1988, 1989 என மூன்று ஆண்டுகளும் இறுதியாட்டத்தில் கெடாவை வீழ்த்தி மலேசியக் கிண்ணத்தை வென்றது தலைநகர்க் குழு. பின்னர் சரிவு வந்தது. 2017இல் இரண்டாம் நிலை லீக்கில் வெற்றியாளராகி சூப்பர் லீக்கிற்கு உயர்ந்தது. 2019இல் கடைசி இடம் பிடித்து மீண்டும் இறங்கியது. 2021இல் மறுபடியும் சூப்பர் லீக்கில் ஆடியது. அவ்வாண்டு நவம்பர் 30ஆம் தேதி புக்கிட் ஜாலில் அரங்கில், 2014 முதல் சூப்பர் லீக் பட்டத்தை யாருக்கும் விட்டுக்கொடுக்காத ஜொகூர் டாருல் தக்சிமை 2-0 என வென்று, 32 ஆண்டுகளுக்குப் பின் மலேசியக் கிண்ணத்தை மீட்டது. மறு ஆண்டு ஏ.எஃப்.சி. கிண்ண இறுதியாட்டம் வரை முன்னேறி, அதே அரங்கில் ஓமானின் அல்-சீப் குழுவிடம் 0-3 எனத் தோற்றது.

2021 வெற்றியை எல்லாரும் கொண்டாடினார்கள். ஆனால், 2019இல் தோல்விமேல் தோல்வி வந்தபோதும் செராஸ் அரங்கிற்குப் போனவர்களுக்கே அந்தக் கிண்ணத்தின் முழு அருமையும் தெரியும்.

இங்கிலாந்துக் குழுக்களுக்கு உலகமெங்கும் கோடிக்கணக்கில் ரசிகர்கள் உண்டு. நீங்கள் ஒருவர் விலகினால் அவற்றுக்கு ஒன்றும் குறையாது. உள்ளூர்க் குழுவின் நிலை வேறு. அரங்கம் காலியாக இருந்தால் டிக்கெட் வருமானம் இல்லை. கூட்டம் இல்லாத இடத்திற்கு விளம்பரதாரரும் வரமாட்டார். ஆட்டக்காரர்களின் சம்பள பாக்கி நம் லீக்கில் புதிய செய்தியல்ல. 2018இல் மலேசியக் கிண்ணம் வென்ற பேராக் குழு, 2025இல் சூப்பர் லீக்கிலிருந்தே விலகியது. ஈப்போ மாணவர்கள் ஆதரிக்க விரும்பினாலும், சூப்பர் லீக்கில் அந்தக் குழு இன்று இல்லை.

குழுவை ஆதரிப்பது என்றால் நிர்வாகத்தின் குறைகளைப் பொறுத்துக்கொள்வது என்று பொருளல்ல. டிக்கெட் வாங்கி அரங்கில் அமரும் ரசிகருக்குக் கேள்வி கேட்கும் உரிமை உண்டு. வராதவரின் குறையை யாரும் காதில் போட்டுக்கொள்வதில்லை.

மாணவர்களே, செராஸ் அரங்கம் பண்டார் துன் ரசாக் எல்.ஆர்.டி. நிலையத்திற்கு அருகில்தான் இருக்கிறது. அடுத்த உள்ளூர் ஆட்டத்திற்கு நண்பர்களோடு போய்ப் பாருங்கள். குழு தோற்கலாம். தோற்றாலும் அதற்கடுத்த ஆட்டத்திற்கும் போங்கள்.