மாட்டுக்கும் வைத்தியர் வேண்டும்

உயிரியல் பிரிவில் படிக்கும் தோழியரிடம் எதிர்காலத்தில் என்ன ஆக விருப்பம் என்று கேட்டால், "டொக்டர்" என்ற பதிலே வரும். "மிருக வைத்தியர்" என்று ஒருத்தி சொன்னால், "மாட்டு டொக்டரா?" என்று சிரிப்பார்கள். அந்தச் சிரிப்பு நியாயமற்றது என்பது என் கருத்து. நான் மாடு வளர்க்கும் வீட்டுப் பிள்ளை.

கிழக்கில் பெரும்போக விதைப்புத் தொடங்கியதும் வயல்வெளிகளில் மாடுகளை விட முடியாது. மேய்ச்சல் குறையும் அதே காலத்தில் மழையும் குளிரும் சேர்ந்துவிடும். 2022 டிசம்பரில் மான்டூஸ் புயலோடு வந்த குளிரில் வடக்கிலும் கிழக்கிலும் நூற்றுக்கணக்கான மாடுகள் இறந்தன. இந்த மாரியில்தான் எங்கள் பசுக்கள் பலவும் கன்று ஈனுகின்றன. மெலிந்த பசுவுக்குக் கன்று ஈனுவதும் பெரும்பாடு.

கன்று இரு முன்னங்கால்களையும் நீட்டி, அவற்றின்மேல் முகத்தை வைத்தபடி வெளிவருவதே இயல்பு. சென்ற மாரியில் எங்கள் தலையீற்றுப் பசுவொன்றுக்கு ஒரு கால் மட்டுமே தெரிந்தது. அயலவர்கள் கயிறு கட்டி இழுக்கலாம் என்றார்கள். வாப்பா சம்மதிக்காமல் மிருக வைத்தியரை அழைத்தார். வந்தவர் மெலிந்த உடம்புள்ள ஒரு பெண். அவர் இழுக்கவில்லை. கன்றை மெதுவாக உள்ளே தள்ளி, மடங்கியிருந்த மற்றக் காலை நிமிர்த்தினார். பிறகு பசு முக்கும்போது மட்டும் பிடித்து இழுத்தார். கன்று உயிரோடு பிறந்தது. பிறந்த ஆறு மணித்தியாலத்துக்குள் சீம்பால் குடித்தால்தான் கன்றுக்கு நோய் எதிர்ப்புச் சக்தி முழுமையாகக் கிடைக்கும் என்றும் உம்மாவுக்குச் சொல்லிக்கொடுத்தார்.

இரண்டு வாரம் கழித்து இன்னொரு பசுவுக்கும் அதே நிலை வந்தது. அன்று அவர் தூரத்து ஊரொன்றில் இருந்தார். அவர் வந்து சேர்வதற்குள் கன்று இறந்துவிட்டது. பசுவை மட்டுமே காப்பாற்ற முடிந்தது. ஒரே வைத்தியர் எத்தனை ஊர்களுக்குத்தான் ஓடுவார்?

இது ஆண்களின் வேலை, பலம் வேண்டும் என்பார்கள். அன்று கன்றைக் காப்பாற்றியது பலமல்ல, படிப்பு. இரவில் போக வேண்டிய வேலை என்று பெற்றோர் தயங்குவார்கள். அதே பெற்றோர், மகள் வைத்தியசாலையின் பிரசவ விடுதியில் இரவுக் கடமை செய்வதைப் பெருமையாகச் சொல்வார்கள். இரண்டும் உயிர் காக்கும் வேலைதானே? மேலும், எங்கள் ஊர் வீடுகளில் பால் கறப்பதும் கன்றைக் கவனிப்பதும் பெரும்பாலும் பெண்களே. மாடு நோயுற்றால் அதன் குறிகளை முதலில் காண்பவர்களும் அவர்களே. ஒரு பெண் வைத்தியரிடம் அவர்கள் கூச்சமின்றிப் பேசுவார்கள்.

பேராதனைப் பல்கலைக்கழகத்தில் இதற்கென்றே ஒரு பீடம் இருக்கிறது. மருத்துவ பீடம் கிடைக்காதவர்களின் இரண்டாம் தெரிவாக அதை எண்ணாதீர்கள். தோழியரே, விண்ணப்பப் படிவத்தில் அதை விரும்பியே எழுதுங்கள். பெற்றோரே, மகள் அதை எழுதும்போது தடுக்காதீர்கள். எங்கள் பட்டிகளுக்கு இன்னொரு வைத்தியர் தேவை. அவர் எங்கள் வகுப்பறையில் இருந்தே வரலாம்.