கடல் தாண்டும் மின்சாரம்

பாக் நீரிணையின் குறுக்கே மின்பாதை அமைத்து, இந்தியாவும் இலங்கையும் மின்சாரத்தை வாங்கவும் விற்கவும் வகை செய்யும் உடன்பாடு 2025 ஏப்ரலில் கொழும்பில் கையெழுத்தாயிற்று. வரவேற்க வேண்டிய காரியம். ஆனால் இது புதிய யோசனை அல்ல. இதற்கான ஆய்வு நடத்த 2010-லேயே இரு நாடுகளும் ஒப்புக்கொண்டன. 15 ஆண்டுகள் காகிதத்திலேயே கழிந்தன. இனியும் அப்படிக் கழியக்கூடாது.

தனுஷ்கோடிக்கும் தலைமன்னாருக்கும் இடையே உள்ள கடல் சுமார் 30 கிலோமீட்டர்தான். சித்தூரிலிருந்து திருப்பதிக்குப் போகும் தூரத்தில் பாதிகூட இல்லை. 1914-ல் பாம்பன் பாலம் திறந்த பிறகு, சென்னையில் ரயில் ஏறியவர் தனுஷ்கோடியில் கப்பலுக்கு மாறி, தலைமன்னாரில் மறுபடி ரயில் பிடித்துக் கொழும்பு போய்ச் சேர்ந்தார். அதுவே போட் மெயில். 1964 டிசம்பர் புயல் தனுஷ்கோடியை அழித்தது. பிறகு ராமேஸ்வரத்திலிருந்து ஓடிய கப்பலும் 1983 இனக்கலவரத்தை அடுத்து நின்றுபோயிற்று. 2011-ல் தூத்துக்குடியிலிருந்து விட்ட கப்பல் சில மாதங்களே ஓடியது. 2023 அக்டோபரில் நாகப்பட்டினத்திலிருந்து காங்கேசன்துறைக்குக் கப்பல் விட்டார்கள். உறவு அறுவதற்கு ஒரு நாள் போதும். அதை மீண்டும் முடிய ஒரு தலைமுறை பிடிக்கிறது.

2022-ல் அன்னியச் செலாவணி இல்லாமல் இலங்கை தவித்தது. பெட்ரோலுக்கு நாள்கணக்கில் வரிசை. ஒரு நாளில் 13 மணி நேரம் வரை மின்வெட்டு. இந்தியா சுமார் 400 கோடி டாலர் அளவுக்குக் கடனும் உதவியும் தந்தது. தமிழக அரசு அரிசியும் பால்மாவும் மருந்தும் அனுப்பியது. ஆபத்துக்கு உதவுவது அண்டை வீட்டாரின் கடமை. ஆனால் நாள்தோறும் நடக்கும் கொடுக்கல் வாங்கலே ஆபத்தை வராமல் தடுக்கும். 2025 பிப்ரவரியில் ஒரு துணை மின்நிலையத்தில் குரங்கு புகுந்ததால் இலங்கை முழுவதும் இருண்டது என்று அந்நாட்டு மின்சார மந்திரியே சொன்னார். தனித்து நிற்கும் சிறிய மின்தொகுப்பின் நிலை அதுதான்.

நமக்கும் இதில் லாபம் உண்டு. உபரி மின்சாரத்தைச் சேமித்து வைப்பது பெருஞ்செலவு. பக்கத்திலேயே வாங்குவோர் இருந்தால் அது வீணாகாது. மன்னாரில் வீசும் காற்று தரும் மின்சாரம் இங்கு வரவும் கூடும்.

"விற்பவன் ஒருநாள் கதவை அடைத்துவிட்டால்?" என்று இலங்கையில் சிலர் கேட்கிறார்கள். கேட்பதில் தவறில்லை. 2025 ஜூனில் வெளிமாநிலத் தோதாபுரி மாங்காய்க்குச் சித்தூர் மாவட்டத்தில் தடை போட்டதைப் பார்த்தோம். விலை சரிந்து உள்ளூர் விவசாயி தவித்தார் என்பது உண்மை. ஆனால் அடுத்த மாநில விவசாயியும் விவசாயிதானே என்று கர்நாடகம் ஆட்சேபித்தது. ஒரே நாட்டுக்குள்ளேயே இப்படி என்றால், நாடுகளுக்கு இடையே சொல்லவேண்டுமா? 2015-ல் நேபாள எல்லையில் லாரிகள் மாதக்கணக்கில் நின்றன. அங்கே பெட்ரோலும் சமையல் எரிவாயுவும் கிடைக்கவில்லை. அந்தக் கசப்பு இன்னும் முழுதும் தீரவில்லை.

ஆயினும் நேபாளம் உறவை முறித்துக்கொள்ளவில்லை. 2019-ல் பீகாரின் மோதிஹாரியிலிருந்து அம்லேக்கஞ்சுக்கு எண்ணெய்க் குழாய் வந்தது. 2024 நவம்பரில், இந்திய மின்பாதை வழியாக வங்கதேசத்துக்கு 40 மெகாவாட் மின்சாரம் விற்றது அதே நேபாளம். வாங்குபவரே விற்பவராகவும் இருந்தால் அச்சம் குறையும் என்பதற்கு இதுவே சான்று.

மீனவர் பிரச்சினை தீர்ந்த பிறகு மின்சாரம் பேசலாம் என்பாரும் உண்டு. நமது கருத்து வேறு. மீனவர் துயருக்குத் தனியே, உடனே தீர்வு வேண்டும். அதைக் காரணம் காட்டி இதைத் தள்ளிப்போடுவதால் எந்த மீனவருக்கும் நன்மையில்லை. கொடுக்கல் வாங்கல் உள்ள இடத்தில்தான் பேச்சுக்கும் இடமிருக்கும்.

பிழைப்புக்காக எல்லை தாண்டி வந்து, தெலுங்கு பேசும் அண்டை வீட்டாருடன் வாழும் நமக்கு இதை யாரும் எடுத்துச் சொல்லத் தேவையில்லை. விலையும் அளவும் எழுத்தில் இருக்கட்டும். ஆட்சி மாறினாலும் ஒப்பந்தம் மாறாதிருக்கட்டும். டில்லியும் கொழும்பும் வேலை முடியும் தேதியைக் குறித்து, அதை மக்களுக்கு அறிவிக்க வேண்டும்.