ரிசீவர் வாங்குமுன் பின்பக்கத்தைப் பாருங்கள்



தீபாவளி நெருங்கினால் ஹோம் தியேட்டர் ரிசீவரை மாற்றும் ஆசை பல வீடுகளில் தலைதூக்கும். கையில் ஐந்நூறு, அறுநூறு ரிங்கிட்தான் இருக்கிறதென்றால் அவசரப்பட வேண்டாம்.

எச்டிஎம்ஐ இல்லாத பழைய ரிசீவராக இருந்தாலும், ஆப்டிகல் துளை இருந்தால் தொலைக்காட்சியோடு ஒரே கேபிளில் இணைத்துவிடலாம். டால்பி டிஜிட்டல் 5.1 ஒலி கிடைக்கும். டால்பி அட்மாஸ் ஒலி கட்டாயம் வேண்டுமென்பவர்களுக்கு மட்டுமே புதியது தேவை. பழைய ஸ்பீக்கர்கள் நன்றாக இருந்தால் அவற்றையும் மாற்ற வேண்டியதில்லை.

பெட்டாலிங் ஜெயா அம்கார்ப் மால் போன்ற இடங்களில் பழைய ஹைஃபை கருவிகள் கிடைக்கின்றன. அங்கே பேரம் பேசுமுன் கருவியின் பின்பக்கத் தகட்டைப் படியுங்கள். ‘ஏசி 100வி’ என்றிருந்தால் அது ஜப்பானிய உள்நாட்டுச் சந்தைக்குச் செய்தது. நம் நாட்டு 230 வோல்ட்டில் நேரடியாகச் செருகினால் கருகிவிடும். ஸ்டெப்-டவுன் டிரான்ஸ்பார்மர் வாங்கும் செலவையும் கணக்கில் சேருங்கள். எல்லா சேனல்களையும் கடையிலேயே ஓடவிட்டுக் கேளுங்கள்.

வியாபாரிகளுக்கு ஒரு வேண்டுகோள்: வோல்டேஜையும் உத்தரவாதக் காலத்தையும் ரசீதில் எழுதிக் கொடுங்கள். வாங்குவோர் ரசீதைப் பத்திரப்படுத்துங்கள். கடைக்காரர் கைவிரித்தால், 50,000 ரிங்கிட் வரையிலான கோரிக்கைகளை விசாரிக்கும் பயனீட்டாளர் தீர்ப்பாயத்தை நாடலாம், வழக்கறிஞர் தேவையில்லை.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
தாமான் செந்தோசா, கிள்ளான்