சுவரில் இருக்கிறது சான்று

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்தபோது சென்னைப் பகுதியில் வேளச்சேரி, பள்ளிக்கரணை, முடிச்சூர்ப் பக்கம் தரைத்தளத்தில் குடியிருந்தவர்களைக் கேட்டுப் பாருங்கள். தண்ணீர் வடிந்த பிறகுதான் அடுத்த அலைச்சல் ஆரம்பித்தது. அரசு 6,000 ரூபாய் நிவாரணத்தை ரேஷன் கடை வழியாக, டோக்கன் கொடுத்து, ரொக்கமாகவே தந்தது. அதில் குறை சொல்ல மாட்டேன். வங்கியில் போட்டிருந்தால் மினிமம் பேலன்ஸ் என்று கொஞ்சம் பிடித்துக்கொண்டிருப்பார்கள். ஆனால் ரேஷன் கார்டு விலாசம் தஞ்சாவூரில், வாடகை வீடு வேளச்சேரியில் என்றிருந்தவர் கதி? விண்ணப்பம் எழுதிக் கொடுத்துவிட்டுக் காத்திருக்க வேண்டியதுதான். இங்கேதான் குடியிருந்தோம் என்பதற்கு எதைக் காட்டுவது? வாடகை ஒப்பந்தம் பீரோவின் கீழ்த்தட்டில் கூழாகிக் கிடக்கிறது. கேஸ் புத்தகத்தின் தாள்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டுவிட்டன. அழியாமல் நிற்பது சுவரில் இடுப்பளவு உயரத்தில் ஓடும் சேற்றுக்கோடு ஒன்றுதான். நனைந்துபோன சான்றிதழ்களுக்கு மாற்று கொடுக்க முகாம் போட்ட அரசுக்கு, தெருத்தெருவாக ஆளனுப்பி அந்தக் கோட்டைப் பார்த்து வரச் சொல்வது பெரிய வேலையா? அடுத்த வடகிழக்குப் பருவமழைக்குள், தாழ்வான தெருக்களின் வாடகைக் குடித்தனங்களையும் வருவாய்த் துறை கணக்கெடுத்து வைக்கட்டும்.